கிராஃபீன் நானோ இழை: கறுப்பாக வந்தும் மின்சாரம் ஓடாதது ஏன்?

பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற பாலிமரில் கிராஃபீன் ஆக்சைடு (ஆக்சிஜன் ஏறிய மெல்லிய கரிச் செதில்கள்) கலந்து எலக்ட்ரோஸ்பின்னிங் செய்தால், அதாவது ஊசியிலிருந்து வரும் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் இழுத்தால், இழை அழகாக விழும். மல்டிமீட்டர் மட்டும் அசையாது. கிராஃபீன் ஆக்சைடு மின்கடத்தாப் பொருள்; ஒடுக்கினால்தான், அதாவது அதன் ஆக்சிஜனை நீக்கினால்தான், கடத்தும். ஒடுக்கிய பிறகும் தொல்லை தீராது. செதில்கள் இழையின் நீளவாக்கில் படுத்து பாலிமர் தோலுக்குள் புதைந்துவிடும். இரண்டு இழை தொடும் இடத்தில் பாலிமர்தான் பாலிமரைத் தொடுகிறது; மின்சாரத்துக்குப் பாலம் இல்லை. கிராஃபீன் ஆக்சைடு சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஊசிதான் அடைக்கும்.

கலக்கும் வரிசை முக்கியம். 9 கிராம் டிஎம்எஃப்பில் (டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பான்) முதலில் 10 மி.கி. கிராஃபீன் ஆக்சைடைப் போட்டு ஒரு மணி நேரம் பாத் சோனிகேட்டரில் (மீயொலியால் கட்டிகளை உடைக்கும் தொட்டி) வையுங்கள். பிறகு 1 கிராம் பாலிமரைச் சேர்த்து 60 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கலாம். பாலிமரை முதலில் கரைத்தால் கரைசல் கூழாகி, கட்டிகள் உடையாது. முனையைக் கரைசலுக்குள்ளேயே விடும் புரோப் சோனிகேட்டர் என்றால் ஐஸில் வைத்து, விட்டுவிட்டு ஓட்டுங்கள். நெடுநேரம் ஓட்டினால் செதில்கள் பொடியாகி, மின்சாரம் செதிலுக்குச் செதில் தாண்ட வேண்டிய இடங்கள் கூடி, தடையும் கூடும்.

தொடங்க 15 கிலோவோல்ட், 15 செ.மீ. தூரம், மணிக்கு 1 மி.லி., 21 கேஜ் ஊசி போதும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். கூடினால் பாலிமர் ஊசி முனையிலேயே உறைந்து தொங்கும். இழையில் மணி மணியாக முடிச்சுகள் விழுந்தால் வோல்டேஜைத் தொடுமுன் பாலிமர் அடர்த்தியை 1 சதவீதம் ஏற்றிப் பாருங்கள்.

*

மேலே சொன்ன புதைவுக்கு மாற்று, மேல்பூச்சு. வெறும் நைலான்-6 இழையை நூற்று (ஃபார்மிக் அமிலத்தில் 15 முதல் 20 சதவீதம், அன்றன்றைக்குக் கரைத்தது), அந்தத் துணியைக் கிராஃபீன் ஆக்சைடு நீர்க்கலவையில், மில்லிக்கு 1 மி.கி. அளவில், அரை மணி நேரம் ஊறவிடுங்கள். செதிலுக்கு எதிர்மின் தன்மை. அதனால் முன்கூட்டியே நேர்மின் தன்மையுள்ள பாலிஎத்திலீன்இமைனில் முக்கி அலசிய துணியில் நன்றாகப் பற்றும். முக்கி, அலசி, உலர்த்துவதை மூன்று நான்கு முறை செய்யலாம். பிறகு அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் 95 டிகிரியில் இரண்டு மணி நேரம். தேநீர்ப் பழுப்பு கரியாக மாறும். ஹைட்ரோஅயோடிக் அமிலம் வேகமாக ஒடுக்கும், ஆனால் நைலானையும் அரிக்கும். இந்த வேலைக்கு வேண்டாம்.

கரைசலிலேயே ஒடுக்கிவிட்டு நூற்கலாமே என்று தோன்றும். ஒடுங்கியதும் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. ஊசிக்குள் போகவே போகாது.

*

அளப்பதிலும் ஏமாறுகிறோம். இரண்டு முனையில் அளந்தால் தொடுதடையும் (முனை துணியைத் தொடும் இடத்தின் தடை) சேர்ந்துவிடும். நான்கு முனை புரோப் வேண்டும். பரப்புத்தடை சதுரத்துக்கு 2000 ஓம், தடிமன் 50 மைக்ரான் என்றால், இரண்டையும் பெருக்கி, தன்தடை 10 ஓம் செ.மீ., கடத்துத்திறன் 0.1 சீமென்ஸ்/செ.மீ. மைக்ரோமீட்டர் துணியை நசுக்கிவிடும் என்பதால் தடிமன் குறைவாகக் காட்டி, கடத்துத்திறன் பெரிதாகத் தெரியும். துணியில் 90 சதவீதம் காற்று. எந்தத் தடிமனை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று எழுதாத எண்ணை நம்பாதீர்கள்.

*

ஒரு எச்சரிக்கை. கடத்தும் கலவையை நூற்கும்போது கலெக்டரிலிருந்து (இழை வந்து படியும் தகடு) ஒட்டடை மாதிரி மயிரிழைகள் எழும்பி ஊசியை நோக்கி வளரும். கையால் தட்டக் கூடாது. சப்ளையை அணைத்து, எர்த் கம்பியால் ஊசியைத் தொட்ட பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். டிஎம்எஃப் ஆவி தோல் வழியாகவும் ஏறும், தீயும் பிடிக்கும். ஃப்யூம் ஹூடுக்கு வெளியே இந்த வேலை கிடையாது.

*

கிராஃபீன் பூச்சுக்கு மேல் பாலிஅனிலின் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) ஏற்றுபவர்களுக்கு: 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அனிலின், 0 முதல் 5 டிகிரி, அம்மோனியம் பெர்சல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக. பச்சை நிறம் வந்தால் கடத்தும். அப்புறம் சுத்தமாகட்டும் என்று வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினால் அமிலம் கழன்று, பச்சை நீலமாகி, கடத்துத்திறன் சரியும். கடைசி அலசல் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருக்கட்டும்.