டெத் நோட்டில் ஓட்டையே இல்லையாம்!

பூதக்கண்ணாடி:
நேற்று வேறொரு திரியில் ஆப்பிள் பிரியன், "டெத் நோட் மாதிரி ஓட்டையே இல்லாத த்ரில்லர் அனிமேவில் கிடையாது" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அண்ணே, ஒரே ஒரு கேள்வி. ஜெவானி ஒரே ராத்திரியில் அந்த நோட்டு முழுவதையும் எப்படிக் காப்பி அடித்தான்?

பார்க்காதவர்களுக்காக: டெத் நோட் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், அதாவது அனிமே. முகம் தெரிந்த ஆளின் பெயரை எழுதினால் 40 விநாடியில் ஆள் காலி, அதுதான் நோட்டு. அதை வைத்துக் குற்றவாளிகளைக் கொல்கிறவன் லைட், அவனைத் துரத்துகிற துப்பறிவாளன் எல். கடைசியில் அசல் நோட்டு லைட்டின் கூட்டாளி மிகாமியின் வங்கி லாக்கரில் இருக்கிறது. எல் செத்த பிறகு லைட்டைத் துரத்துகிற நியரின் ஆள் ஜெவானி அதை எடுத்து, மிகாமியின் கையெழுத்திலேயே ஒரு போலியை எழுதி, அசல் இருந்த இடத்தில் வைத்துவிடுகிறான். லைட் தோற்பதே இதனால்தான்.

ஆப்பிள் பிரியன்:
என் பேரைப் போட்டுத் தனித் திரியே திறந்துவிட்டீர்களா, சந்தோஷம். இரண்டாவது எபிசோடை மறந்துவிட்டீர்கள் போல. மரண தண்டனைக் கைதி ஒருவனை டிவியில் 'நான்தான் எல்' என்று பேச வைக்கிறார்கள். உலகம் முழுக்க நேரலை என்று அறிவித்துவிட்டு ஜப்பானின் கான்டோ பகுதியில் மட்டும் காட்டுகிறார்கள். லைட் கோபத்தில் அவனைக் கொன்றதும் கொலைகாரன் எந்த வட்டாரம் என்று தெரிந்துபோகிறது. இப்படி ஒரு காட்சி வேறு எதில் இருக்கிறது?

பூதக்கண்ணாடி:
அருமையான காட்சி. யார் இல்லை என்றார்? ஜெவானி எப்படி எழுதினான்?

மழைக்குருவி:
ஒரு சந்தேகம். 'ஓட்டை' என்று எதைச் சொல்கிறீர்கள்? நடக்கவே முடியாததா, நம்பச் சிரமமானதா? இரண்டும் வேறு இல்லையா?

பூதக்கண்ணாடி:
ஓட்டை என்றால் ஓட்டைதான். நேற்று ராத்திரி நானே 80 பக்க நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். 11 மணிக்கு ஆரம்பித்து, பழைய போன் டைரியில் இருக்கிற பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 2 மணிக்கு 14 பக்கம். கட்டைவிரலில் பள்ளம். அதுவும் என் சொந்தக் கையெழுத்து, தமிழ். ஜெவானி எழுதியது அடுத்தவன் கையெழுத்தில், பொடிப்பொடியான கஞ்சி எழுத்தில்.

கடைசி பெஞ்ச்:
கஞ்சியா? குடித்துவிட்டு எழுதினானா, தொட்டு எழுதினானா? 😂 ஜப்பான்காரர்கள் எழுதுகிற சீன எழுத்து காஞ்ஜி, தலைவரே.

பூதக்கண்ணாடி:
விசைப்பலகையில் விரல் தப்பிவிட்டது. எழுத்துப்பிழை பிடிக்கிற நேரத்தில் கேள்விக்குப் பதில் சொல்லலாம். போன மாதம் மான்ஸ்டர் அனிமே திரியில் நீங்கள் அதன் நாயகன் 'டென்மா'வை 'தென்மா' என்று எழுதினீர்கள். நான் ஏதாவது சொன்னேனா?

கடைசி பெஞ்ச்:
இப்போது சொல்லிவிட்டீர்களே. அதைவிட, 74 எபிசோடு மான்ஸ்டரை 'இழுவை' என்றவர் நீங்கள். அதைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் ராத்திரி 3 மணி நேரம் உட்கார்ந்து போன் டைரி எழுதுகிறார்!

தூக்கம் வராதவன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அனிமேவுக்கு மூலமான படக்கதை, அதாவது மங்கா, மொத்தம் 108 அத்தியாயம். எல் சாவது 58-இல். அனிமே அங்கே வர 25 எபிசோடு எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 50 அத்தியாயத்தை 12 எபிசோடில் திணிக்கிறது. எல்லின் வாரிசுகளாக வரும் நியர், மெல்லோ இருவருமே நமக்கு ஒட்டாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆப்பிள் பிரியன்:
நியர் எனக்கு ஒட்டினான்.

பூதக்கண்ணாடி:
தூக்கம் வராதவன் சொல்வது சரி, ஆனால் அது வேகப் பிரச்சினை. நான் கேட்பது கைப் பிரச்சினை. ஜப்பானிலேயே இது கிண்டலாகிவிட்டது. நம்ப முடியாத வேகத்தில் யாராவது வேலையை முடித்தால், ஜெவானி ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுத்துவிட்டான் என்பார்கள். அவர்களே சிரிக்கிறார்கள், நம் ஆப்பிள் பிரியன் மட்டும் கைதட்டுகிறார்.

ஆப்பிள் பிரியன்:
சாவுக்கடவுள் ஆப்பிள் தின்றுகொண்டு அறைக்குள் சுற்றுகிறான். அதை நம்பிவிட்டீர்கள். பெயர் எழுதினால் மாரடைப்பு, அதையும் நம்பிவிட்டீர்கள். ஒருவன் வேகமாக எழுதினான் என்றால் மட்டும் நெஞ்சு அடைக்கிறதா?

பூதக்கண்ணாடி:
ரியூக் சாவுக்கடவுள். ஜெவானி சம்பளம் வாங்குகிற மனுஷன். வித்தியாசம் புரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

மழைக்குருவி:
மங்காவின் கடைசி அத்தியாயத்தில் போலீஸ்காரன் மட்சுடா இதைப் பற்றிச் சந்தேகப்படுகிறான். நியரே நோட்டில் மிகாமி பெயரை எழுதி, போலி நோட்டைச் சோதித்துப் பார்க்காதபடி அவனை ஆட்டிவைத்திருக்கலாம் என்கிறான். அனிமேயில் அந்த அத்தியாயமே இல்லை. அதைச் சேர்த்தால் உங்கள் கேள்வியே...

பூதக்கண்ணாடி:
மிகாமி ஏன் சோதிக்கவில்லை என்பதற்கு அது பதில். ஜெவானி எப்படி எழுதினான் என்பதற்கு இல்லை. மறுபடி படியுங்கள்.

ஆப்பிள் பிரியன்:
மட்சுடா பேச்சையா எடுப்பது! அவன் எப்போது சரியாகச் சொன்னான்?

மழைக்குருவி:
மட்சுடாவை எதுவும் சொல்லாதீர்கள். கடைசியில் துப்பாக்கியை எடுத்து லைட்டைச் சுட்டது யார்?

கடைசி பெஞ்ச்:
எட்டாவது எபிசோடில் லைட் வலது கையால் கணக்கு, இடது கையால் கொலை, நடுவில் உருளைக்கிழங்கு சிப்ஸ், அதற்குத் தேர்த் திருவிழா மாதிரி பின்னணி இசை. அறையில் எல் வைத்த 64 கேமரா, சிப்ஸ் பாக்கெட்டுக்குள் குட்டி டிவி இருப்பது ஒன்றில்கூடத் தெரியவில்லையாம். இதை விட்டுவிட்டு ஜெவானி ஜெவானி என்று!

ஆப்பிள் பிரியன்:
சிப்ஸ் காட்சியைத் தொட்டால் நடக்கிறதே வேறு.

பூதக்கண்ணாடி:
திரி சிப்ஸ் பற்றியது இல்லை. சரி, இன்று ராத்திரி மறுபடி உட்காருகிறேன், இந்த முறை விடியும்வரை. மச்சானின் கையெழுத்தைப் பார்த்துப் போலியாக எழுதப் போகிறேன். எத்தனை பக்கம் வந்தது என்று காலையில் படத்தோடு போடுகிறேன்.

கடைசி பெஞ்ச்:
மச்சான் பெயரை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.

ஆப்பிள் பிரியன்:
எழுதுங்கள். ஜெவானிக்குப் பயிற்சி இருந்தது, உங்களுக்கு இல்லை.

பூதக்கண்ணாடி:
எந்த எபிசோடில் பயிற்சி எடுத்தான்? எண்ணைச் சொல்லுங்கள்.