ஜிஜேபி2-இல் 35டெல்ஜி ஒரு பிரதியில் மட்டும்: இன்னொன்றை எங்கே தேடுவது?

பிசிஆர்மேசை (கேள்வி)
பிறவியிலேயே இரு காதும் கேட்காத குழந்தை. வேறு உறுப்புகளில் குறை இல்லை. கனெக்சின் 26 புரதத்துக்கான ஜிஜேபி2 மரபணுவில் எக்ஸான் 2-ஐ (புரதக் குறியீடு உள்ள துண்டு) மட்டும் சாங்கர் முறையில் எழுத்து எழுத்தாகப் படித்தோம். 35டெல்ஜி (அங்கே ஒரு ஜி எழுத்து விடுபட்ட பிறழ்வு) ஹெட்டிரோசைகஸாக, அதாவது இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும், வருகிறது. இதனால் காது கேளாமை வர மற்ற பிரதியும் பழுதாகியிருக்க வேண்டும். ஃபார்வர்டு ரீடில் (முன்முனையிலிருந்து படித்ததில்) 35-க்குப் பிறகு கடைசிவரை இரட்டைப் பீக், ஒன்றும் படிக்க முடியவில்லை. 'கேரியர்' (ஒரு பிரதியில் மட்டும் பிறழ்வைச் சுமப்பவர்) என்று ரிப்போர்ட் கொடுத்துவிடலாமா?

எக்ஸான்இரண்டு
கொடுக்காதீர்கள். ரிவர்ஸ் ரீட் இல்லாமல் இந்த மரபணுவைப் படித்ததாகவே சொல்ல முடியாது. 30 முதல் 35 வரை ஆறு ஜி வரிசையாக நிற்கின்றன. ஒரு பிரதியில் ஐந்துதான் இருப்பதால், அதற்குப் பிறகு இரண்டு பிரதிகளும் ஓர் எழுத்து விலகி ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அந்தக் கலக்கத்துக்குள் ஒரு மிஸ்சென்ஸ் (புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தை மாற்றும் எழுத்து மாற்றம்) இருந்தால் கண்ணில் படாது. ரிவர்ஸ் ரீட் மறுமுனையிலிருந்து 35 வரை தெளிவாக வரும். குறியீட்டுப் பகுதியே 681 பேஸ்தான், ஒரே ரீடில் அடங்கும்.

இன்னொன்று: மற்ற பிரதியில் 167டெல்டி அல்லது 235டெல்சி இருந்தால், ஃபார்வர்டு ரீடில் 35-இல் தொடங்கும் இரட்டைப் பீக் அந்த இடத்தோடு நின்று, மீண்டும் ஒற்றைப் பீக் வந்துவிடும். இரண்டு பிரதிகளும் தலா ஓர் எழுத்தை இழந்து சமமாகிவிடுவதுதான் காரணம். இரண்டும் எதிரெதிர்ப் பிரதிகளில் உள்ளன என்பதும் பெற்றோர் மாதிரி இல்லாமலே தெரிந்துவிடும். உங்களுக்குக் கடைசிவரை கலக்கம் என்றால் அந்த வகை இல்லை.

பிசிஆர்மேசை
ரிவர்ஸ் போட்டாயிற்று, 35 வரை சுத்தம். வி27ஐ மட்டும் இருக்கிறது. எக்ஸான் 1-க்குப் பேண்டே வரவில்லை.

எக்ஸான்இரண்டு
வி27ஐ தீங்கற்ற பாலிமார்பிசம் (பலரிடம் காணப்படும் சாதாரண வேறுபாடு), அதை விட்டுவிடுங்கள்.

எக்ஸான் 1 புரதத்தில் சேராது என்பதால் பலர் அதைத் தொடுவதில்லை. ஆனால் அதை ஒட்டிய ஸ்ப்ளைஸ் இடத்தில்தான் (எக்ஸான்கள் வெட்டி ஒட்டப்படும் இடம்) நோய் தரும் பிறழ்வான சி.-23+1ஜி>ஏ இருக்கிறது, எக்ஸான் 2 பிரைமர்களுக்கு அது எட்டாது. அந்தப் பகுதி முழுக்க ஜிசி மிகுந்தது, சாதாரண மிக்ஸில் பேண்ட் வராததில் வியப்பில்லை. ஜிசி பிணைப்பைத் தளர்த்த 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ அல்லது 1 மோலார் பீட்டைன் சேருங்கள். டிஎம்எஸ்ஓ சேர்த்தால் அனீலிங் (பிரைமர் ஒட்டும்) வெப்பநிலையை 2 முதல் 3 டிகிரி குறைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு டிஎம்எஸ்ஓ வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்கள் உண்டு.

நகல்எண்ணிக்கை
அதுவும் சுத்தமாக வந்தால் அடுத்துத் தேட வேண்டியது பெரிய டெலிஷன்கள் (நீண்ட துண்டே விடுபடுவது). பக்கத்து மரபணு ஜிஜேபி6-ஐ வெட்டும் டி13எஸ்1830, டி13எஸ்1854 இரண்டும் ஜிஜேபி2-இன் எழுத்துகளைத் தொடுவதில்லை. ஆனால் அதே குரோமோசோமில் ஜிஜேபி2 வெளிப்பாடு அடங்கிவிடுகிறது. சாங்கரில் எல்லாம் நார்மலாகவே தெரியும். வெட்டுமுனைகளைத் தேடும் பிரேக்பாயிண்ட் பிசிஆர் இவ்விரண்டையும் மலிவாகப் பிடிக்கும். இரண்டு மரபணுக்களுக்கும் வெளியே, மேல்நிலையில் மட்டும் 131 கிலோபேஸ் போகும் டெலிஷனும் பதிவாகியிருக்கிறது. அதற்கு அந்தப் பகுதியில் புரோப் உள்ள எம்எல்பிஏ (டிஎன்ஏ துண்டுகளின் நகல் எண்ணிக்கையை ஒப்பிட்டு அளக்கும் சோதனை) வேண்டும்.

எம்எல்பிஏ-வில் ஒப்பீட்டு மாதிரிகளின் டிஎன்ஏவையும் அதே முறையில் பிரித்தெடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விகிதங்கள் அலைபாயும். ஒரே ஒரு புரோப் மட்டும் 0.5-க்கு இறங்கினால் டெலிஷன் என்று துள்ள வேண்டாம். புரோப் ஒட்டும் இடத்தில் ஒரு எஸ்என்பி (ஓர் எழுத்து வேறுபாடு) இருந்தாலும் அப்படித்தான் வரும். வேறு முறையில் உறுதி செய்யுங்கள்.

பெற்றோர் இருவரையும் சோதித்துவிடுங்கள். 35டெல்ஜி யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால், மற்றவரிடமிருந்து வந்த குரோமோசோமில்தான் தேடல்.

செவிமரபு
எல்லாமே சுத்தமாக வந்தால் 35டெல்ஜி தற்செயலாக உடன் இருக்கிறது என்ற சாத்தியம் வலுக்கும்; கேரியர்கள் அரிதானவர்கள் அல்ல. அப்போது குழந்தையின் மற்ற பரிசோதனைகளைப் பாருங்கள். ஓஏஇ (உட்செவி எழுப்பும் ஒலி) வருகிறது, ஏபிஆர் (செவி நரம்பு, மூளைத்தண்டின் மின்பதில்) வரவில்லை என்றால் ஓடிஓஎஃப் மரபணுவைத் தேடுங்கள். ஸ்கேனில் வெஸ்டிபுலர் குழாய் அகன்றிருந்தால் எஸ்எல்சி26ஏ4 மரபணுவை. பிறந்து 21 நாள் கடந்த பிறகு எடுத்த சிறுநீரில் சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸ்) வந்தால் அது பிறவித் தொற்றுக்கு ஆதாரமாகாது. பிறந்தபோது எடுத்த உலர்ரத்தப் பொட்டு இருந்தால் அதில் பிசிஆர் செய்யலாம், நெகடிவ் வந்தாலும் சிஎம்வியை முற்றாக விலக்க முடியாது.

ரிப்போர்ட்டில் எதைப் படித்தீர்கள், எதைப் படிக்கவில்லை என்பதை எழுதுங்கள். 'எக்ஸான் 2 மட்டும்' என்ற அந்த ஒரு வரி இல்லாத ரிப்போர்ட்டை அடுத்த ஆய்வகம் முழுச் சோதனையாகவே எடுத்துக்கொள்ளும்.