‘பொலிப்’ என்பதற்கு ‘குடல்மரு’: என் பரிந்துரையும் காரணமும்

குழுமத்தில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பெருங்குடல் புற்றுநோய் பற்றிய துண்டுப்பிரசுரத்துக்காக, குடலின் உட்சுவரில் முளைக்கும் சதையைக் குறிக்கும் ‘பொலிப்’ (polyp) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறோம். கட்டி, விழுது, மொக்கு, தொங்குதசை, பல்காலி என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. இவற்றில் ‘கட்டி’ மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நடந்த ஒன்றுதான் காரணம்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு மலத்தோடு இரத்தம் போனது. மூலவியாதி என்று நினைத்துச் சில மாதம் கைமருந்து செய்தார். பிறகு ஒரு வைத்தியசாலையில் கமரா விட்டுப் பார்த்தார்கள். பெரிதாக இருக்கிறது, இன்னொரு நாள் வந்து எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில். அதை விளக்கியவர் அரைகுறைத் தமிழில் “உள்ளுக்குக் கட்டி ஒண்டு இருக்கு, வெட்ட வேணும்” என்றார். சின்னம்மாவுக்குக் கட்டி என்றால் புற்றுநோய். கத்தி பட்டால் பரவும் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகம என்ற ஊர்ப்பெயரையே எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. இரண்டரை வருடம் கழித்துப் போனபோது அது உண்மையாகவே புற்றுநோயாகியிருந்தது. பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘பொலிப்’ என்றுதான் இருந்தது.

அந்த இடத்தில் வேறொரு சொல் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. குடலின் உட்சுவரில் முளைக்கும் இந்தச் சதையில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுகிறவையும் பொதுவாகப் பத்து வருடம் போல எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் எடுத்துவிட்டால் தப்பலாம். 1969இல் நியூயோர்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வூல்ஃபும் வயிற்றைத் திறக்காமல், குழாய் வழியே கம்பிச் சுருக்கு ஒன்றைச் செலுத்திப் பொலிப்பை அறுத்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அப்படி எடுத்த 1,418 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 1993இல் வெளிவந்தது. எதிர்பார்த்த அளவோடு ஒப்பிட்டால் அவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஆக, நமக்கு வேண்டிய சொல் ஆளைப் பயமுறுத்தவும் கூடாது, “சும்மா கிடக்கட்டும்” என்று விட்டுவிடச் செய்யவும் கூடாது.

‘பல்காலி’ கிரேக்க மூலத்தின் நேர்மொழிபெயர்ப்பு. மூலத்தில் ‘பல கால் உடையது’ என்றுதான் பொருள். ஆனால் குடலில் இருப்பதற்குக் கால் ஏது? மூலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ‘நேர்குடல்’ நல்ல உதாரணம். லத்தீனில் நேர் என்றிருந்ததால் தமிழிலும் நேர் என்றாயிற்று. மனிதருக்கு அது வளைந்துதான் இருக்கிறது. ‘விழுது’, ‘தொங்குதசை’ இரண்டும் தொங்குவதற்குப் பொருந்தும், சுவரோடு ஒட்டிப் படிந்திருப்பதற்குப் பொருந்தாது. கண்ணில் எளிதில் படாமல் தப்புவதே அந்தத் தட்டையானவைதான். ‘மொக்கு’ அழகான சொல், கண்டி அக்கா மன்னிக்க வேண்டும். மொக்கு என்றால் மலரத்தானே வேண்டும்?

என் பரிந்துரை ‘மரு’. குடலில் வருவதால் ‘குடல்மரு’.

கழுத்திலும் கக்கத்திலும் வரும் மருவை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில காம்போடு தொங்கும், சில தட்டையாக ஒட்டியிருக்கும். மரு இருக்கிறது என்று யாரும் அழுவதில்லை. ஆனால் வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ கவனிப்போம். அப்புறம், என் அம்மம்மா மருவின் அடியில் தலைமயிரை இறுக்கிக் கட்டிவிடுவார். சில நாளில் அது கறுத்து உதிரும். வைத்தியர் கம்பிச் சுருக்கால் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பெரியவற்றை எடுக்கும்போது மின்சாரச் சூடும் சேர்வதால் இரத்தம் பெரும்பாலும் அங்கேயே கட்டுப்படுகிறது. இரத்தக் கசிவோ, அரிதாகக் குடலில் துளையோ ஏற்படலாம் என்பதையும் பிரசுரத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். இவ்வளவையும் சின்னம்மாவுக்கு இரண்டு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம்.

சொல் கிளை விடுகிறதா என்றும் பார்த்தேன். தாவரவியலில் பழகிய சொற்களை வைத்தே காம்புள்ள மரு, காம்பற்ற மரு என்று சொல்லலாம். சுரப்பித் திசுவில் முளைத்து, சிலவேளை புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா என்ற வகைக்குச் ‘சுரப்பிமரு’. குடலில் நூறு, ஆயிரம் என்று முளைத்து, பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் நோய்க்குக் ‘குடும்பவழி மருப்பெருக்கம்’. எடுப்பதற்கு ‘மரு நீக்கல்’.

மருக்கொழுந்தில் மரு என்றால் மணம் அல்லவா என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். சரிதான். ஆனால் முன்னால் குடல் நிற்கும்போது யாரும் மணத்தை நினைக்கமாட்டார்கள். புணர்ச்சிப்படி ‘குடன்மரு’ என்று வர வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நோயாளி முதல் பார்வையிலேயே ‘குடல்’ என்று வாசிக்க வேண்டும் என்பதால் இயல்பாகவே விட்டேன். மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீனுக்கும் இப்படிப்பட்ட சிக்கல்கள் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மரம் அறுக்கும் வாளின் பல்லைப் போல விளிம்பு தெரியும் ஒரு வகை உண்டு. பெரும்பாலும் தட்டையாக இருக்கும், வலப்பக்கப் பெருங்குடலில் ஒளிந்துகொள்ளும். ‘வாட்பல் மரு’ என்று எழுதிப் பார்த்தேன், வாசித்தால் பல் வைத்தியம் போல இருக்கிறது. தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது குழுமத்தில் இருந்தால், அந்த விளிம்புக்குப் பட்டறையில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பிரசுரம் அச்சுக்குப் போகிறது.