லென்ஸுக்குள் தூசி, மவுண்ட்டில் ஆட்டம்: எதற்கு இத்தனை பதற்றம்?

நிழல்விரும்பி (கேள்வி)

எந்த லென்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலும் மூன்றாவது பதிலுக்குள் "உள்ளே தூசி இருக்கு", "மவுண்ட்டில் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் இடத்தில்) லேசா ஆடுது", "இடது மூலை மங்கலா இருக்கு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சரி, அந்த லென்ஸில் எடுத்த படத்தைப் போடுங்கள் என்று கேட்டால் வந்து விழுவது கூர்மையைச் சோதிக்க எடுத்த ஒரு செங்கல் சுவர். எட்டு ஆண்டுகள் அலுப்பில்லாமல் படமெடுக்கக்கூடிய ஒரு பொருளை வாங்கி, முதல் எட்டு நாள் டார்ச் அடித்துப் பார்ப்பதிலேயே போகிறது.

இரண்டு கேள்விகள்:

1. இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது?
2. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா, கூட ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஒரு 24-105 எஃப்/4 ஜூம் (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது). மாற்றித் தர ஏழு நாள் கெடு. அதற்குள் எதைப் பார்த்தே ஆக வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்?

---

மூன்றாம்பிறை

முதல் குற்றவாளி மானிட்டர். 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். ஆக, 100 சதவீதத்தில் வைத்துப் பார்ப்பது ஐந்தரை அடி அகலப் பிரிண்ட்டுக்கு முன்னால் ஒன்றரை அடி தூரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. 45 மெகாபிக்சல் கேமரா பாடிக்கு மாறினால் அதே மேசையில் அந்தப் பிரிண்ட் ஏழரை அடி ஆகிவிடும். லென்ஸ் அதேதான், பூதக்கண்ணாடி பெரிதாகிவிட்டது. "புது பாடியில் பழைய லென்ஸ் சொதப்புது" என்ற புகாரில் பாதி இதுதான். 4×6 அங்குலப் பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) கணக்கில் தேவை 1800×1200 பிக்சல், அதாவது 2.2 மெகாபிக்சல் கூட இல்லை.

இரண்டாவது, குறையை அளக்கலாம். ட்ரைபாட், சுவர், பத்து நிமிடம், ஒரு விடை. வெளிச்சம் நன்றாக விழுந்ததா, ஆள் திரும்பிய நொடியில் அமுக்கினோமா என்பதற்கெல்லாம் யாரும் மார்க் போட முடியாது. அளக்க முடிகிற பக்கம் கை தானாகப் போகிறது.

மூன்றாவதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குறை படத்தில் தெரியாது. படத்தைக் கெடுக்கிற குறை லென்ஸைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரிவது தூசி. அதன் கணக்கைப் பாருங்கள்.

50 மி.மீ. லென்ஸ் எஃப்/1.8இல் ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் சுமார் 28 மி.மீ., பரப்பு 600 சதுர மி.மீ.க்குச் சற்று மேல். முன்கண்ணாடியில் அரை மி.மீ. தூசி ஒன்று (இதுவே நல்ல பெரிய தூசி) மறைப்பது 0.2 சதுர மி.மீ. மூவாயிரத்தில் ஒரு பங்கு. எந்த மானிட்டரிலும் தெரியாது. அதே தூசி 16 மி.மீ. வைட் லென்ஸில், எஃப்/16இல் என்றால் கதை வேறு: அங்கே வட்டத்தின் விட்டமே 1 மி.மீ.தான். படத்தின் ஏதோ ஒரு பகுதிக்கு வரும் ஒளியில் கால்வாசியை அது மறைத்துவிடும். எதிரே சூரியனும் இருந்தால் தூசியே ஒளிர ஆரம்பிக்கும். வைட், சின்ன அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை), எதிர்வெளிச்சம் மூன்றும் சேராத வரை முன்கண்ணாடித் தூசியை மறந்துவிடலாம்.

உள்தூசி தெரியும் ஒரே சாதாரண இடம் பொக்கே வட்டம், அதாவது ஃபோகஸில் இல்லாத விளக்கு விரிந்து தெரியும் வட்டம். பத்து அடி தள்ளி ஒரு சின்ன எல்இடி விளக்கை வைத்து, அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, ஃபோகஸை மிகக் கிட்டத்தில் வையுங்கள். பெரிய வெள்ளை வட்டம் வரும். அதற்குள் தெரியும் கரும்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு தூசி. புத்தம்புது லென்ஸிலும் இரண்டு மூன்று இருக்கும். அதற்காக லென்ஸைத் திறக்கச் சொல்லாதீர்கள். சில லென்ஸ்களில் கண்ணாடித் தொகுதிக்கு அடியில் காகித கனத்தில் ஷிம் வளையங்கள் வைத்து நேராக்கியிருப்பார்கள். அது இடம் மாறினால் படத்தில் தெரியாத குறை போய்ப் படத்தில் தெரிகிற குறை வந்துவிடும்.

விலையும் ஒரு காரணம். செகண்ட் ஹேண்டில் விற்கும்போது தூசிக்கு இரண்டாயிரம் குறைப்பார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும்.

---

ட்ரைபாட்காரன்

கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, படத்தைக் கெடுக்கும் என்று மூன்றாம்பிறை சொன்ன குறையின் பெயர் டீசென்டரிங். உள்ளே ஒரு கண்ணாடி நடுவை விட்டு விலகியிருப்பது அல்லது சாய்ந்திருப்பது. ஏழு நாளுக்குள் பார்த்தே ஆக வேண்டியது இது ஒன்றுதான் என்பேன்.

செங்கல் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். 50 மி.மீ. லென்ஸை 2 மீட்டர் தூரத்தில் வைத்தால் சட்டகத்தில் விழும் சுவரின் அகலம் சுமார் 1.4 மீட்டர். கேமரா சுவருக்கு 1 டிகிரி சாய்ந்திருந்தாலே ஒரு ஓரம் 12 மி.மீ. முன்னே, எதிர் ஓரம் 12 மி.மீ. பின்னே. எஃப்/1.8இல் பிக்சல் அளவுக் கூர்மைக்கு அங்கே கிடைக்கும் ஆழம் முன்னும் பின்னும் சுமார் 17 மி.மீ. ஒன்றரை டிகிரி ஆனால் ஓரம் மங்கும். கையால் வைக்கும் ட்ரைபாடில் ஒன்றரை டிகிரி பிழையை யாரும் கவனிப்பதில்லை. பிழை சுவரில், பழி லென்ஸுக்கு.

செய்ய வேண்டியது:

தூரத்தில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். 200 மீட்டருக்கு அப்பால் செல்போன் டவர், பெரிய எழுத்துப் பலகை, எதுவானாலும் சரி. காலை நேரம் நல்லது. மதியம் தார் ரோட்டுக்கு மேல் வெப்ப அலை ஓடும், எல்லா மூலையும் நெளியும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஸ்டெபிலைசர் (நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) அணைப்பு, 2 நொடி டைமர், ஷட்டர் அதிர்வைக் குறைக்க எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன். டவரை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றுங்கள். இனி வளையத்தைத் தொடக் கூடாது. கேமராவைத் திருப்பி அதே டவர் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை விழும்படி நான்கு படம். எஃப்/1.8இல் ஒரு சுற்று, எஃப்/2.8இல் ஒன்று, எஃப்/8இல் ஒன்று.

மூலையை நடுவோடு ஒப்பிடாதீர்கள், மூலையோடு மூலையை ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே மாதிரி மங்கினால் அது வடிவமைப்பு, மாற்றிக் கேட்டால் வருவதும் அப்படித்தான் இருக்கும். 24-105 வகை லென்ஸில் 24 மி.மீ. மூலைகளை மென்பொருள் இழுத்து நேராக்குவதால் நான்கும் சற்று மென்மையாகத்தான் இருக்கும். ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கத்து இரண்டு மூலைகள் மட்டும் மங்கினால் மறுபடி முழுதாக எடுங்கள். இரண்டாம் முறையும் அதே மூலை என்றால் சந்தேகம் உறுதி. எஃப்/8இல் சரியாகிவிடுகிறதா என்று பாருங்கள். எஃப்/8இலும் சரியாகாவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

ஜூமில் 24, 50, 105 மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். 24இல் வலது மேல், 105இல் இடது கீழ் என்று மோசமான மூலை இடம் மாறுவது சகஜம், ஏனென்றால் ஜூம் செய்யும்போது நகர்வது வெவ்வேறு கண்ணாடித் தொகுதிகள். கச்சிதமான ஜூம் என்று ஒன்று கிடையாது. லென்ஸ்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தின் ரோஜர் சிகாலா ஒரே லென்ஸின் பல பிரதிகளை ஆப்டிகல் பெஞ்ச் என்ற அளவுக் கருவியில் அளந்து வெளியிட்ட வரைபடங்களைப் பார்த்தால் புரியும்: விலை உயர்ந்த லென்ஸிலும் பிரதிக்குப் பிரதி வித்தியாசம் உண்டு. நான்கு முறை மாற்றி வாங்கினால் நான்கு விதமான குறை கிடைக்கும்.

---

நிழல்விரும்பி

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு புகார் அடிக்கடி கண்ணில் படுகிறது: ஆட்டினால் உள்ளே "கடகட" சத்தம், இருட்டில் எடுத்தால் சிவப்பு, நீலப் புள்ளிகள். இவை?

---

இருட்டறை

சத்தம்: கேமரா அணைந்திருக்கும்போது மட்டும் வந்து, போட்டதும் நின்றால் குறை இல்லை. பாடிக்குள் சென்சார் ஸ்டெபிலைசர் மின்சாரத்தில்தான் பிடித்து நிற்கிறது, அணைந்தால் தளர்ந்துவிடும். லீனியர் மோட்டார் லென்ஸிலும் ஃபோகஸ் தொகுதி அப்படியே வழுக்கும். பியூஜிஃபில்ம் 90 மி.மீ. எஃப்/2 இதற்குப் பேர்போனது, கையில் எடுத்தாலே லொடக்கென்னும். கேமரா ஆன் ஆன பிறகும் சத்தம் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மவுண்ட் ஆட்டம்: திருகும் திசையில் துளி ஆட்டம் இருக்கலாம், பூட்டும் ஊசிக்கும் அதன் குழிக்கும் இடைவெளி வேண்டும். முன்பின்னாக, அதாவது பாடியை விட்டுப் பிரிகிற திசையில் ஆடினால்தான் பிரச்சினை.

புள்ளிகள்: மூடி போட்டு 30 நொடி எடுத்துப் பார்த்துவிட்டு "சென்சார் போச்சு" என்பவர்கள் அதிகம். சிலிக்கானில் இருட்டு மின்னோட்டம் (ஒளி படாமலே சென்சாரில் ஓடும் மின்சாரம்) சுமார் 6 முதல் 8 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். குளிர் நாட்டில் 18 டிகிரி அறையில் ஒருவர் எடுத்த படத்தையும், சென்னையில் 32 டிகிரியில் நீங்கள் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் உங்களுடையது நாலு மடங்கு மோசமாகத் தெரியத்தான் செய்யும். சோதிக்க வேண்டியது 1/60 நொடி, ஐஎஸ்ஓ 100. அதிலும் அதே இடத்தில் புள்ளி நின்றால் மேப்பிங் (கெட்ட பிக்சலைக் கண்டுபிடித்து மறைப்பது) செய்ய வேண்டும். ஒலிம்பஸ் மெனுவில் பிக்சல் மேப்பிங் என்றே இருக்கிறது. கேனான் பாடிகள் பலவற்றில் மூடியைப் போட்டு, மேனுவல் சென்சார் க்ளீனிங்கை ஓடவிட்டு, அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்து அணைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) லைட்ரூம் மென்பொருளில் திறந்தால் அதுவே தானாக அழித்துவிடும், ஜேபெக்கில்தான் தெரியும்.

---

உப்புக்காற்று

எல்லாவற்றையும் "சின்ன விஷயம், போய்ப் படமெடு" என்று தள்ளுவதும் எனக்கு உடன்பாடில்லை. நச்சரித்தவர்களால்தான் சில விஷயங்கள் வெளியே வந்தன.

நிக்கான் டி600 கேமரா வந்தது 2012 செப்டம்பரில். படத்தின் மேல் இடது பக்கம் புள்ளிகள் என்று புகார் கிளம்பியது. காற்றடிக்கும் ப்ளோவரை அடி என்றார்கள், அடித்துப் பார்த்தார்கள், திரும்ப வந்தது. 2013 அக்டோபரில் ஷட்டரை மாற்றி டி610 வந்தது. 2014 பிப்ரவரியில் உத்தரவாதம் முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சரிசெய்து, தேவைப்பட்டால் ஷட்டரையும் மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. அதே 2012இல் கேனான் 5டி மார்க் 3க்கு மேல்பக்க எல்சிடி விளக்கின் ஒளி உள்ளே கசிந்து ஒளியை அளக்கும் மீட்டரின் அளவை மாற்றுகிறது என்று பெரிய ரகளை. உண்மைதான், ஆனால் கும்மிருட்டில் அந்த விளக்கைப் போட்டால் மட்டும். அதையும் கேனான் சரிசெய்தது. இரண்டுக்கும் எழுந்த ரகளை ஏறக்குறைய ஒன்று. டி600இல் துடைத்த பிறகும் புள்ளி பெருகியது, 5டியின் குறை கூடவே இல்லை. குறை கூடிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் போதும்.

சென்சார் புள்ளியைப் பார்ப்பது எப்படி: எஃப்/16, ஐஎஸ்ஓ 100, தெளிந்த வானம் அல்லது வெள்ளைத் திரை, ஃபோகஸைக் கலைத்து, எக்ஸ்போஷர் +1. தூசி சென்சாரின் மேல் இல்லை, அதற்கு முன்னால் உள்ள கண்ணாடியின் மேல். இடைவெளி 2 மி.மீ. என்று வைத்தால் எஃப்/2.8இல் ஒளிக்கூம்பு அங்கே 0.7 மி.மீ. அகலம், 0.05 மி.மீ. தூசி மறைப்பது அரை சதவீதம். எஃப்/16இல் கூம்பு 0.125 மி.மீ., மறைப்பது 16 சதவீதம். அதனால்தான் கல்யாண வீட்டில் எஃப்/2.8இல் எடுப்பவருக்குத் தெரியாத புள்ளி மலைக்காட்சி எடுப்பவருக்குத் தெரிகிறது. துடைத்துவிட்டு 200, 500, 1000 க்ளிக்கில் அதே சோதனை. ப்ளோவரில் நகர்ந்தால் தூசி. நகராமல், ஓரம் வெளிறிய உருண்டைப் புள்ளி என்றால் எண்ணெய். சென்சார் துடைக்கும் 24 மி.மீ. ஸ்வாபில் துடைக்கும் திரவம் இரண்டே சொட்டு, ஒரு பக்கம் ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரே இழுப்பு, தூக்கிப் போடு. மூன்று சொட்டு விட்டால் கோடு கோடாகக் காயும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், பாதியில் ஷட்டர் மூடிக்கொண்டால் செலவு வேறு.

டார்ச் அடித்தே தீருவேன் என்பவர்கள் தூசியைத் தேட வேண்டாம், பூஞ்சையைத் தேடுங்கள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பினாங்கு மாதிரி ஊர்களில் உண்மையான எதிரி அதுதான். அப்பெர்ச்சரைத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சுங்கள். தூசி தனித்தனிப் புள்ளி. பூஞ்சை கண்ணாடியின் ஓரத்திலிருந்து கிளைவிடும் நூல், சிலந்தி வலை மாதிரி. அது விடும் அமிலம் கோட்டிங்கை அரித்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் வளராது. ட்ரை கேபினெட் இல்லையென்றால் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகா டப்பா, ஒரு ஹைக்ரோமீட்டர், சிலிக்கா ஜெல். 30க்குக் கீழே இறக்காதீர்கள், மசகும் ரப்பரும் காயும். வாங்கும்போது வந்த தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்கு வீடு கட்டித் தருவது.

---

ட்ரைபாட்காரன்

உப்புக்காற்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஸ்வாப் போடும்போது பலர் தப்பான இடத்தைத் துடைப்பார்கள். சென்சாரில் படம் தலைகீழாக விழும். படத்தில் புள்ளி மேல் இடது என்றால், கேமராவை நிமிர்த்தி வைத்து மவுண்ட் வழியாகப் பார்க்கும்போது அது கீழ் இடது. மேல்கீழ் மட்டும்தான் மாறும். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பதால் இடவலம் மாறாது.