காம்ஃப்குரூப்பே 100: நேரில் பார்த்தது, இன்னும் உறுத்துவது

முத்துவேல்:
இரண்டாம் உலகப் போரில் ரேடியோ கற்றை காட்டும் வழியில் ராத்திரி முன்னாடி போய், பின்னாடி வர்றவங்களுக்கு அடையாளமா இலக்கில் தீ வைக்கிற ஜெர்மன் குண்டுவீச்சு விமானப் பிரிவு இது. இங்கே எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். போன அக்டோபர், இங்கிலாந்தில் கோவென்ட்ரி பழைய தேவாலயம். 1940 நவம்பர் 14 ராத்திரி இவங்க வழிகாட்டின ஜெர்மன் குண்டுவீச்சில் எரிஞ்சதுதான், இன்னும் கூரை இல்லை. பலிபீடத்துக்குப் பின்னாடி சுவரில் 'பிதாவே மன்னியும்'னு மட்டும் இங்கிலீஷில் பொறிச்சிருக்கு. நம்ம பைபிளில் 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்'னு வரும். அங்கே அந்த 'இவர்களுக்கு' இல்லை. பக்கத்தில் ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகள். ஒரு பையன் சுவரைக் காட்டி டீச்சரிடம் ஏதோ கேட்டான். அந்தம்மா பதிலே சொல்லலை. மழையில் அவன் தொப்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாங்க. அவ்வளவுதான்.

செல்வி_கே:
லண்டன் ஹெண்டன் மியூசியத்தில் ஹைன்கெல் 111 குண்டுவீச்சு விமானம் முன்னாடி நின்னோம், பல வருஷம் ஆச்சு. நூறாம் பிரிவு விமானம் இல்லை, பிற்கால மாடல். மூக்கு முழுக்கக் கண்ணாடி. என் பையன் தரையில் குப்புறப் படுத்து, "இப்படிப் படுத்துப் பார்த்துத்தானே போடுவாங்க?"ன்னான். நூறாம் பிரிவுக்காரங்க பார்க்கவே வேண்டாம்னு எப்படிச் சொல்றது? தரையிலிருந்து இலக்கை நோக்கி அனுப்புற ரேடியோ கற்றை மேலேயே போவாங்க. குறுக்குக் கற்றை வந்ததும், இலக்குக்கு 20 கிலோமீட்டரில் கடிகாரத்தை ஒருமுறை அமுக்கணும், 5 கிலோமீட்டரில் இன்னொரு முறை. இரண்டாவது முள் மூணு மடங்கு வேகத்தில் ஓடி முதல் முள்ளைத் தொட்டதும் குண்டு தானா விழும். கோவென்ட்ரியை அடிக்கப் போறாங்கன்னு சர்ச்சில் தெரிஞ்சே ஊரை எரியவிட்டார்னும் சொல்வாங்களே.

ராகவன்71:
செல்வி, அந்தக் கதையை இன்னும் எத்தனை நாள் சொல்வீங்க? தாக்குதலுக்கு ஜெர்மன்காரங்க வச்ச 'மூன்லைட் சொனாட்டா'ங்கிற ரகசியப் பெயர் ஒட்டுக்கேட்டதில் கிடைச்சது, ஊர் தெளிவாகலை. அன்னைக்கு சாயங்காலம் சர்ச்சில் லண்டனுக்குத்தான் அடி விழும்னு நினைச்சு காரைத் திருப்பிட்டு வந்தார். பிரிட்டிஷ்காரங்க சொதப்பினது வேற இடத்தில்: கற்றையைக் குழப்பும் கருவிகளின் ஒலி 2000 ஹெர்ட்ஸில் இருக்கணும், 1500இல் வச்சிருந்தாங்க. முன்னாடி போன நூறாம் பிரிவின் 13 விமானமும் சிரமமே இல்லாமல் வந்து தீ வச்சுட்டுப் போச்சு. குறைஞ்சது 568 பேர் செத்தாங்க.

என் அனுபவம்: கோவென்ட்ரி தாக்குதலுக்கு எட்டு நாள் முன்னாடி இதே பிரிவின் விமானம் ஒன்று வழி தவறி இறங்கின, தெற்கு இங்கிலாந்து வெஸ்ட் பே கடற்கரையில் நானும் போய் நின்னேன். கூழாங்கல்லும் அலையும்தான்.

முத்துவேல், அடுத்த தடவை தேவாலயக் கோபுரமும் ஏறுங்க. வளைஞ்சு வளைஞ்சு போகிற கல் படி. மழையில் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்க. காலையிலேயே போங்க, மத்தியானம் கூட்டம். முழங்கால் வலின்னா கீழேயே இருந்துடுங்க.

முத்துவேல்:
சார், ஷூ பத்தி நான் கேட்கவே இல்லையே. ஜெர்மன் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? அந்தப் பையன் கேட்டதில் ஒரே சொல்தான் காதில் நிக்குது, "வேம்".

ஹம்பர்க்வாசி:
"யாருக்கு?"ன்னு அர்த்தம்.
கோபுரம் 180 படி. ஷூ விஷயத்தில் ராகவன் சொன்னது சரிதான்.