ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு முன் வீட்டு விலையைக் குறைத்துக் கேட்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோவில் எங்கள் முதல் வீட்டை வாங்க 2024 செப்டம்பரில் 410,000 பவுண்டுக்கு விலை பேசி முடித்தோம். விற்பவர் தமக்கு அடுத்த வீடு அமையாமல் தவணை சொல்லிக்கொண்டே வந்ததால், ஏழு மாதங்களாகியும் ஒப்பந்தப் பரிமாற்றம் (இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வது) நடக்கவில்லை. கட்டிவைத்த பெட்டிகளைப் பிரித்து மகளின் குளிர்கால உடுப்புகளை இரண்டு தடவை வெளியே எடுத்துவிட்டோம்.

இதற்கிடையில், முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரை வரி விலக்கு வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 425,000 பவுண்டிலிருந்து 300,000 ஆகக் குறைந்துவிட்டதால், வரியே இல்லாதிருந்த எங்களுக்கு இப்போது 5,500 பவுண்டு வருகிறது. வங்கியின் கடன் உறுதிக் கடிதமும் காலாவதியாகிவிட்டது.

இங்கிலாந்துச் சட்டப்படி பரிமாற்றம் வரை இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்பதால் விலையைத் திருத்திக் கேட்கத் தடையில்லை; ஆனால் அதே காரணத்தால் விற்பவரும் விலகிக்கொள்ளலாம், கட்டட ஆய்வுக்கும் சட்டத்தரணிக்கும் கொடுத்த பணம் வீணாகிவிடும் என்றுதான் அஞ்சுகிறேன். அவர் வேண்டுமென்றே இழுத்தடித்ததாக நான் நினைக்கவில்லை. இருந்தாலும் முழுச் சுமையையும் நாங்களே தாங்குவது நியாயமாகப்படவில்லை.

இப்படிக் கேட்டுப் பார்த்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: முழு 5,500 பவுண்டையும் குறைக்கச் சொல்வதா, பாதியைப் பகிரச் சொல்வதா? முகவர் வழியாகப் பேசுவதா, சட்டத்தரணி வழியாக எழுதுவதா?