மறுமொழி: ‘வீகன் வாஃபிள்’ – தமிழில் என்ன எழுதுவது?

நண்பர்களுக்கு வணக்கம். ‘வீகன் வாஃபிள்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று இங்கே நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது. பால், முட்டை, தேன் என விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காதது வீகன். இரண்டு பக்கமும் கட்டம் பதியச் சுடும் மாவுப் பண்டம் வாஃபிள்.

> வீகன் என்றால் நனிசைவம். விக்கிப்பீடியாவிலேயே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை அதையே எழுதியும் வைத்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகப் பிரிவில் ஒருவர் வீகன். சீன நாள்காட்டியின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இறைச்சி தொடாத சீன அக்கா ஒருவர் இருக்கிறார். தமிழ் அண்ணன் ஒருவருக்குப் புரட்டாசி விரதம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஏதாவது செய்யலாம் என்று பாண்டான் இலை மணக்கும் வாஃபிள் சுட்டேன். இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் ரொட்டிக்கடைகளில் பச்சை நிறத்தில், ‘காயா’ என்ற தேங்காய்ப்பால், முட்டை இனிப்பைத் தடவி மடித்துத் தருவார்களே, அதுதான். முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தேன். வெண்டைக்காய் நறுக்கிய தண்ணீர்போல் கொழகொழவென்று ஆகிவிடும், மாவு உதிராமல் பிடித்துக்கொள்ளும். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். காயாவில் முட்டை இருப்பதால் அதற்குப் பதில் கடலை வெண்ணெய்.

பெட்டிக்கு முன்னால் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழியிலும் ஓர் அட்டை. தமிழில் ‘நனிசைவம்’. அண்ணன் படித்துவிட்டுக் கேட்டார்: “நனின்னா மிகுதிதானே தம்பி? அப்போ நல்ல சுத்த சைவம். நெய்யில சுட்டதா?”

அவர் படித்ததில் பிழையே இல்லை. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்கள். ஆனால் நம் வழக்கில் சைவம் கூடக்கூட எங்கே போய் நிற்கிறது? கோயிலில். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை தலையில் சுமந்து போவது பால்குடம். பால், தயிர், நெய், தேன் எல்லாம் நம் சைவத்தின் உச்சியில் இருப்பவை. வீகன் விலக்குவதோ அவற்றைத்தான். ‘நனி’ சேர்த்தால் சொல் நேர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. 1944-ல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டையும் எடுத்து ஒரு புதுச்சொல் கட்டினார்கள். அதற்குப் பழைய நினைவு எதுவும் கிடையாது. ‘சைவம்’ அப்படியா?

> பாலில்லாச் சைவம் என்று நேராகவே சொல்லிவிடலாமே.

அக்கா, எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது. ஆனால் என் வாஃபிளில் தேங்காய்ப்பால் இருக்கிறது, மேலே கடலை வெண்ணெய் இருக்கிறது. தமிழில் பால் என்பது மாட்டுக்கு மட்டும் உரியதில்லை. ஆலமரத்தில் கீறினாலும் பால்தான் வரும். (சோயா, ஓட்ஸ் போன்றவற்றிலிருந்து எடுப்பதைப் ‘பால்’ என்று விற்கக் கூடாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொன்னது. அங்கேயும் தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு.) தேனும் கூடாது என்பதையும் இந்தச் சொல் சொல்லவில்லை.

என் பரிந்துரை ‘தாவரச் சைவம்’. எதை விலக்குகிறது என்று பட்டியல் போடாமல், எதிலிருந்து வந்தது என்று சொல்கிறது. முதல்முறை படிப்பவருக்கும் விளங்கும். காளான் தாவரமா என்று அறிவியல் படித்தவர்கள் கேட்கலாம். சமையலறையில் அது காய்கறிக் கூடையில்தானே கிடக்கிறது, அது போதும். தோல், பட்டு, கம்பளி எல்லாவற்றையும் விட்டு ஒரு கொள்கையாக வாழ்பவரை ‘நனிசைவர்’ என்றே சொல்லலாம். அங்கே மிகுதி என்ற பொருள் பொருந்துகிறது. உணவு அட்டைக்கு மட்டும் அது வேண்டாம் என்கிறேன்.

> வாஃபிளுக்குத் தேனடை?

இதைப் படித்தபோது அப்படி ஒரு மகிழ்ச்சி. வாஃபிள் டச்சு மொழியிலிருந்து வந்த சொல். தேன்கூட்டைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்கு அது உறவு. தமிழிலும் தேன்கூடு தேனடை, நாம் கல்லில் சுடுவதும் அடை. இவ்வளவு அழகாக வேறெதுவும் பொருந்தாது. ஆனால் தேனே சேராத பண்டத்துக்கு, அதுவும் தேன் கூடாது என்பவருக்கு நீட்டுவதற்கு, அந்தப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடையோடு ‘கட்டம்’ சேர்த்தால் புணர்ச்சியில் ‘கட்டவடை’ ஆகிறது. எல்லாரும் வடையைத்தான் தேடுவார்கள். ‘குழியடை’ குழிப்பணியாரத்தை நினைவூட்டுகிறது.

நான் ‘அச்சடை’ என்கிறேன். அச்சு முறுக்கு நம் வீடுகளில் பழகிய பெயர். மாவை இரண்டு சூடான இரும்புத் தகட்டுக்கு நடுவே ஊற்றி மூடுகிறோம், ஓரத்தில் ஆவி அடங்கியதும் திறந்தால் இரண்டு பக்கமும் கட்டம் பதிந்திருக்கிறது. சொல்லில் அச்சும் இருக்கிறது, அடையும் இருக்கிறது, வாயிலும் எளிதாக வருகிறது.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி சுடுகிறேன். அட்டையில் ‘தாவரச் சைவ அச்சடை’ என்று எழுதி, கீழே ‘தேங்காய்ப்பால், ஆளிவிதை சேர்ந்தது’ என்று சிறிதாகப் போடலாம் என்றிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள். அப்புறம், அந்தக் கருவிக்கு என்ன பெயர் வைப்பது? தோசைக்கல் இரும்பில் வந்த பிறகும் கல்லாகவே இருப்பதால், ‘அச்சடைக்கல்’ சரியாக வரும் என்று தோன்றுகிறது.